ஒரு சோப்பு, ஒரு பிளேடு, ஒரு குவளை வெந்நீர்

முகச்சவரத்தைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். வீட்டிலுள்ள ஆடவர் பெரும்பாலோர் வாரத்தில் இருமுறையேனும் செய்யும் காரியம் அது. எனினும் அதை எவரும் எவருக்கும் முறையாகக் கற்றுக்கொடுப்பதில்லை. நாமும் கற்றுக்கொடுக்கவில்லை. அதன் விளைவை நம் மகன் தன் கழுத்தில் சுமந்தான்.

அவனுக்கு அப்போது வயது பதினெட்டு. ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவன். கணீரென்ற குரல். தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள், இனி வாசிக்க வரமாட்டேன் என்று பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். தேர்வு நெருங்குகிறது என்று காரணம் கூறினான். அவன் தாய்தான் உண்மையைக் கண்டறிந்தாள். தாடைக்குக் கீழே கழுத்து முழுவதும் சிவந்த கொப்புளங்கள். சில சீழ் கட்டியும் இருந்தன. சட்டையின் கழுத்துப்பட்டியை உயர்த்தி விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் மறைத்துத் திரிந்திருக்கிறான். வாசக மேடையில் நின்றால் முன்வரிசையில் இருப்போர் கண்ணுக்கு அதுவே முதலில் தெரியும் என்று அஞ்சியிருக்கிறான்.

தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கழுத்தை ஒருமுறை பார்த்தார். "நாள்தோறும் சவரம் செய்கிறாயா? எத்தனை அலகு உள்ள ரேசர்?" என்று கேட்டார். நாள்தோறும்தான், ஐந்து அலகு. அதுவும் நாம் வாங்கிக் கொடுத்ததே. பிள்ளையின் முதல் சவரத்திற்குக் கடையில் உள்ளவற்றுள் விலையுயர்ந்ததை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

மருத்துவர் விளக்கியது இது. பல அலகுகள் உள்ள ரேசரில் முதல் அலகு மயிரைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கிறது. அது மீண்டும் உள்ளே சுருங்குமுன் பின்னால் வரும் அலகு அதனைத் துண்டித்துவிடுகிறது. எஞ்சிய முனை தோல்மட்டத்திற்குக் கீழே போய்விடுகிறது. கையால் தடவினால் பட்டுப்போல இருக்கும். ஆனால் சுருண்டு வளரும் இயல்புள்ள மயிராயின், அந்தக் கூரிய முனை வெளியேற வழி காணாது தோலையே குத்திக்கொண்டு உள்ளே வளரத் தொடங்குகிறது. முள் தைத்த இடம் வீங்குவதுபோல அந்த இடம் சிவந்து வீங்குகிறது. 1971இல் இரண்டு அலகோடு தொடங்கிய இந்தப் போட்டி 2006இல் ஐந்தை எட்டியது. சில முகங்களுக்கு அது தீங்கின்றிச் செல்கிறது. நம் வீட்டு முகங்களுக்குச் செல்லவில்லை. நமக்கும் முப்பது ஆண்டுகளாகக் கழுத்தில் அதே கொப்புளங்கள் உண்டு. அதை உடல்வாகு என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

நான்கு வாரம் சவரமே கூடாது, அதன்பின் ஒற்றை அலகு, மயிர் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும், நாள்தோறும் வேண்டாம். இவ்வளவுதான் மருத்துவர் சொன்னது. வீடு திரும்பும் வழியில் மகன், "அப்பா, உங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டான். ஒருவரும் இல்லை. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், அறைத்தோழரின் கண்ணாடியைக் கடன் வாங்கி, நாமாகவே கீறிக் கீறிக் கற்றுக்கொண்டது.

அந்த நான்கு வாரமும் பையன் தாடியோடு கோவிலுக்கு வந்தான். "கப்புச்சின் சபையில் சேரப்போகிறாயா?" என்று கேட்காத பெண்மணி இல்லை. கூடா ஒழுக்கத்தைக் கண்டித்து வள்ளுவர் துறவியரைப் பற்றிக் கூறியதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, மழிக்கவே வேண்டியதில்லை என்றும் அவன் வாதிட்டுப் பார்த்தான். அவன் தாய் ஒப்பவில்லை.

இப்போது நமக்குக் கற்றுத் தந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பங்கிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முடிதிருத்தும் தொழில் செய்து, கைநடுக்கம் கண்டதால் கத்தியைக் கீழே வைத்துவிட்ட பெரியவர் ஒருவர் உண்டு. நாம் அவரை அண்ணாச்சி என்று அழைக்கிறோம். நம் தந்தையார் அப்படி அழைத்ததில்லை. அண்ணாச்சியின் தகப்பனார் வாரந்தோறும் மரப்பெட்டியோடு நம் வீட்டுக் கொல்லைப்புறம் வருவார். வேப்பமரத்தடியில் நம் தந்தையார் முக்காலியில் அமர்ந்திருக்க, அவர் குந்தியிருந்து மழிப்பார். கூலி அறுவடைக் காலத்தில் நெல்லாகப் போகும். வயதில் மூத்த அவரை நம் வீட்டார் பெயர் சொல்லி, "வா, போ" என்றே பேசினர். முன்வாசல் வழியாக அவர் வந்ததாக நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரு குடும்பங்களும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கின. இதனை எழுதக் கூச்சமாக இருக்கிறது; எழுதாமல் விடுவது அதைவிடப் பிழை என்று தோன்றுகிறது.

நம் கோவிலில் துடைப்பம் ஏந்திய புனித மார்ட்டின் தே போரஸ் சுரூபம் உண்டு. எலிகளுக்கும் நாய்களுக்கும் உணவிட்டவர் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் முடிதிருத்துபவர் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? 1579இல் பெரு நாட்டு லீமா நகரில், ஸ்பானியத் தந்தைக்கும், அடிமைநிலையிலிருந்து விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். சிறு வயதிலேயே முடிதிருத்தும் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழக விடப்பட்டார். அக்காலத்தில் மழிப்பதும், இரத்தம் வடிப்பதும், காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஒருவர் செய்த ஒரே தொழில். நம் நாட்டிலும் இத்தொழில் செய்வோர் மருத்துவர் என்றே வழங்கப்பட்டதை முதியோர் அறிவர். கலப்பினத்தவர் என்பதால் சாமிநாதர் சபையில் அவரை முதலில் பணியாளராக மட்டுமே ஏற்றனர். 1962இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். முடிதிருத்துவோரின் பாதுகாவலர் அவரே.

அண்ணாச்சி நம் அழைப்பை ஏற்று ஒரு சனிக்கிழமை மாலை வந்தார், முன்வாசல் வழியாகத்தான். நாற்காலியைக் காட்டியும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார். மகன், "தாத்தா, உட்காருங்க" என்று கையைப் பிடித்து அமர்த்தினான்.

அன்று அவர் ரேசரைத் தொடவே இல்லை. மூன்று வாரத் தாடியோடு இருந்த பையனைக் கண்ணை மூடச்சொல்லி, விரல் நுனியால் முகத்தைத் தடவச் சொன்னார். "எந்தப் பக்கம் தடவினா வழுக்குது, எந்தப் பக்கம் குத்துதுன்னு பாரு தம்பி. குத்துற பக்கம் கத்தி போகக் கூடாது" என்றார். கன்னத்தில் மயிர் கீழ்நோக்கி வளர்ந்திருந்தது. தாடைக்குக் கீழே அப்படியில்லை. இடக் கழுத்தில் காதை நோக்கிச் சாய்ந்திருந்தது. வலக் கழுத்தில் மேல்நோக்கி. குரல்வளை மேட்டில் ஒரு சுழி. இத்தனை நாளும் அவன் கழுத்தில் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறான். பாதி இடத்தில் அது எதிர்த்திசை. பையன் தன் முகத்தை ஒரு தாளில் வரைந்து அம்புக்குறிகள் இட்டு, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்தான். நம் முகத்தையும் தடவிப் பார்த்தோம். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக!

அடுத்து அவர் கண் அலமாரியின்மேல் சென்றது. நுரை டப்பா, ஜெல் குழாய், சவரத்திற்கு முன் பூசுவது, பின் பூசுவது, குளிர்ச்சி தரும் களிம்பு, இரண்டு ரேசர்கள், மாற்று அலகுப் பெட்டி என்று எட்டுப் பொருள்கள் இருந்தன. அவர் எதையும் குறை கூறவில்லை. "எங்க அப்பாவோட பெட்டியில ஒரு சோப்பு, ஒரு கிண்ணம், ஒரு கத்தி, தோல்வார், படிகாரம். அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். தோல்வாரில் தீட்டும் கத்தி பழகாத கைக்கு ஆகாது. அதற்குப் பதில் இருபுறமும் கூருள்ள சாதாரண பிளேடும், அதை மாட்டும் உலோக ரேசரும் வாங்கினோம். வட்டச் சவரச் சோப்பு ஒன்று, நைலான் மயிர் பிரஷ் ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் ஒரு கட்டி. எவர்சில்வர் கிண்ணம் அடுக்களையிலேயே இருந்தது.

நைலான் பிரஷ் என்றதும் சிலர் முகம் சுளிப்பர். அது விரைவில் உலரும், நாற்றம் பிடிக்காது. முதல் உலகப் போர்க் காலத்தில், நோயுற்ற விலங்கின் மயிரால் செய்த மலிவான சவர பிரஷ்கள் வழியே அடைப்பான் நோய் தொற்றி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிலர் இறந்தே போயினர் என்பது வரலாறு. இன்று விற்பனையாகும் பிரஷ்கள் அப்படிப்பட்டவை அல்ல. எனினும் பிரஷை உதறி, காற்றுப்படத் தொங்கவிடுவது நன்று.

முதல் முயற்சியிலேயே ஒரு தடை வந்தது. நுரை எழவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு வெள்ளைத் துணுக்குகளாகத் திரிந்ததே ஒழியப் பொங்கவில்லை. பிரஷைக் குறை கூறினோம். பின்பு சோப்பைக் குறை கூறினோம். அண்ணாச்சி நீரை நாவில் இட்டுப் பார்த்து, "இது போர்த் தண்ணியா?" என்றார். நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். குளியலறை வாளியில் படியும் அதே வெள்ளைப் படிவு. குடிநீரில் ஒரு குவளை எடுத்துச் சூடாக்கினோம். அன்று எழுந்த நுரை இன்றுவரை நம்மை ஏமாற்றவில்லை. உப்பு நீர் உள்ள ஊர்களில் இருப்போர் இதைக் கவனிப்பார்களாக. மழைநீர் சேமித்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

சவரத்தில் பாதி வேலையை நீரே செய்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். உலர்ந்த தாடிமயிர் கம்பிபோல் கடினமானது. அதில் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும்வரை நீர் எளிதில் இறங்காது. சோப்பு அந்தப் பசையை நீக்குகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் மயிர் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிறது. ஆகவே குளித்த உடனே, அல்லது வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் சிறிது வைத்த பின்னரே தொடங்க வேண்டும். நனைத்த பிரஷை ஒருமுறை உதறிவிட்டு, சோப்பின்மேல் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். பின்பு முகத்தில் வட்டமாகத் தேய்த்து, துளித் துளியாக நீர் சேர்க்க வேண்டும். சலவை நுரைபோல் குமிழ் குமிழாக இருந்தால் அதில் காற்றே மிகுதி. கடைந்தெடுத்த வெண்ணெய்போல் மினுமினுப்பு ஏறும்வரை தேய்க்க வேண்டும். "தண்ணிய மிச்சம் பிடிக்காத தம்பி" என்பார் அண்ணாச்சி.

ரேசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய உருக்குத் தகட்டைக் கூராக்கி, மழுங்கியதும் எறிந்துவிடலாம் என்ற எண்ணம் அமெரிக்க விற்பனையாளரான கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895இல் தோன்றியது. அவ்வளவு மெல்லிய தகட்டைப் பதப்படுத்தவே இயலாது என்று வல்லுநர் பலர் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் உழைத்து அதற்கு வழி கண்டார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. 1904இல் காப்புரிமை கிடைத்தது; போர்க்களம் சென்ற அமெரிக்கப் படைவீரர் அதனை உலகெங்கும் பரப்பினர். இன்று நாம் கையில் பிடிக்கும் உலோக ரேசர் பெரும்பாலும் அதே அமைப்புதான்.

அதைப் பிடிக்கும் முறையை அண்ணாச்சி நடுங்கும் கையாலேயே காட்டினார். ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்தால் கைப்பிடி நேராக வெளியே நீட்டி நிற்கும். கைப்பிடியை மெல்லக் கீழே சாய்த்துக்கொண்டே வர, ஓரிடத்தில் பிளேடு தோலைத் தொடும். ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வு அது. அங்கேயே நிறுத்திச் சிறு சிறு இழுப்பாக இழுக்க வேண்டும். மற்றக் கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அழுத்தவே கூடாது. பிளாஸ்டிக் ரேசர் எடையற்றது. அழுத்தினால்தான் வெட்டும் என்று கை பழகிவிடுகிறது. உலோக ரேசருக்குத் தன் பாரமே போதும். இதை மறப்பதற்கு மகனுக்கு ஒரு மாதமும் நமக்கு மூன்று மாதமும் பிடித்தன. நம் மோவாயில் இருந்த மூன்று கீறல்களே அதற்குச் சான்று.

கீறல்களுக்குப் படிகாரம் இருக்கிறது. முகம் கழுவியபின் ஈரத்தோடு அதைத் தடவினால் சிறு இரத்தக் கசிவு நின்றுவிடும். அது நமக்கு ஆசிரியராகவும் விளங்கியது. எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறோம் என்று பொருள். முதல் வாரம் முகம் முழுதும் எரிந்தது. மாதங்கள் செல்லச் செல்ல, எரிச்சல் தாடை ஓரத்தில் ஓரிரு இடமாகச் சுருங்கியது.

ஆறு மாத காலம் நாமும் மகனும் சிறு குறிப்பேடு ஒன்றில் எழுதிக்கொண்டே வந்தோம். நுரைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், எண்ணெய் நுரையைக் கொன்றது, விட்டோம். முதல் சுற்று மயிரின் திசையில். மீண்டும் நுரை பூசி இரண்டாம் சுற்றுக் குறுக்காக. இது நம் கன்னத்துக்கு ஒத்தது. மகனின் கழுத்துக்கு ஒவ்வாததால் அங்கே ஒரே சுற்றோடு நிறுத்தினான். மூன்றாவதாக எதிர்த்திசையில் மழிப்பதை இருவரும் கைவிட்டோம். அதனால் மாலையில் தடவினால் சற்றுச் சொரசொரப்பு இருக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நான்கு சவரத்திற்கு ஒரு பிளேடு. ஐந்தாவதில் இழுக்கத் தொடங்குகிறது. புதன், சனி என வாரம் இருமுறை. ஆண்டுக்கு ஒருவருக்கு இருபத்தாறு பிளேடு. அதற்கான செலவு, முன்பு ஒரு மாதத்துக்கு மாற்று அலகு வாங்கிய செலவைவிடக் குறைவு என்று வீட்டுக் கணக்கு எழுதும் அவன் தாய் கண்டு சொன்னாள். நேரம் மட்டும் கூடியது: ஐந்து நிமிடம் பன்னிரண்டாகி, இப்போது ஒன்பதில் நிற்கிறது.

பழைய பிளேடை என்ன செய்வது? நாம் முன்பெல்லாம் தாளில் சுருட்டிக் குப்பையில் எறிந்தோம். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலை அந்தத் தாள் காக்குமா? பால்பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் நாணயம் போடும் அளவு பிளவு செய்து, அதற்குள் போட்டு வருகிறோம். நிறையப் பல ஆண்டு ஆகும். நிறைந்ததும் ஒட்டி மூடிப் பழைய இரும்போடு கொடுக்கலாம், உள்ளே இருப்பதைச் சொல்லித்தான்.

ஒருவர் பிளேடை மற்றவர் தொடுவதில்லை, தந்தையும் மகனுமேயானாலும். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முறையாகக் கண்டறியப்பட்டபின், ஒரே கத்தியை அனைவருக்கும் தீட்டி வந்த தாம், ஆளுக்கு ஒரு பாதி பிளேடு என்று மாறியதை அண்ணாச்சி நினைவுகூர்ந்தார். "ஒடிச்ச பிளேடுக்குத் தனியாக் காசு கேக்கிறியான்னு சண்டை போட்டாங்க" என்று சிரித்தார். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குருதி உறையாமலிருக்க மாத்திரை உண்ணும் முதியோரும், புண் எளிதில் ஆறாத சர்க்கரை நோயாளரும் மருத்துவரைக் கேளாமல் பிளேடைத் தொட வேண்டா. அவர்களுக்கு மின்சார ரேசரே பாதுகாப்பானது.

ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று மகன் மீண்டும் வாசக மேடை ஏறினான். திருவெளிப்பாடு நூலின் வாசகம். கழுத்தில் பழைய தழும்புகள் சில இருந்தன. மேல் பொத்தானைப் போடாமலே நின்றான். மூன்றாவது வரிசையில் அண்ணாச்சி அமர்ந்திருந்தார். அவருடைய முகத்தில் பத்து நாள் வெண்தாடி. கை நடுங்கத் தொடங்கியபின் அவரால் தாமே மழித்துக்கொள்ள இயலவில்லை. வாழ்நாளெல்லாம் பிறரைத் தம் நாற்காலியில் அமர்த்தியவருக்கு, இன்னொருவர் கடை நாற்காலியில் போய் அமரக் கூச்சம். இத்தனை மாதமும் எதிரே அமர்ந்திருந்தும் அது நம் கண்ணில் படவில்லை. மகன் கண்ணில் பட்டது.

அவன் முதலில் அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி வாங்கி, மருத்துவரிடம் காட்டிக் கேட்டான். பின்பு அவருக்கென்று தனியாக ஒரு ரேசர் வாங்கினான். இப்போது சனிக்கிழமை மாலைதோறும் நம் வீட்டு முன்திண்ணையில், நம் தந்தையார் அமர்ந்த அதே முக்காலியில் அண்ணாச்சி அமர்கிறார். பையன் வெந்நீர்க் குவளையோடு வருகிறான். கன்னம் முடியும்வரை அவர் வாய் திறப்பதில்லை. கழுத்துக்கு வரும்போது கண்ணை மூடியபடியே, "கை பாரமா இருக்கு தம்பி" என்கிறார். பையன் ரேசரை எடுத்து, நீரில் அலசி, மறுபடி வைக்கிறான்.